தமிழ்க் குரலுக்காக ஒரு பழைய மடிக்கணினி

இன்று மதியம் புனே கராடியில் என் அலுவலகத்தில், புதிய இயங்குதளத்தை ஏற்காத பழைய மடிக்கணினிகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே கிடந்தது அச்சு அசல் உன்னுடையது மாதிரியே இருந்தது. அதே கறுப்பு, மூடியின் ஓரத்தில் அதே போன்ற விரிசல். அங்கே நிற்க முடியவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

வேலை கிடைத்துப் புனேவுக்கு வந்த புதிதில், தேஹு ரோட்டில் உங்கள் வீட்டு மாடியறையில்தான் குடியிருந்தேன். ஒத்த வயது நமக்கு. ராணுவக் கிடங்கு அலுவலகத்தில் உனக்கு வேலை. இங்கேயே பிறந்தவன் என்பதால் உன் தமிழில் பாதி இந்தியாக இருக்கும். திருநெல்வேலியிலிருந்து வந்த உன் அப்பா அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். நாள் முழுக்க இருவரும் வாய் ஓயாமல் சண்டை போடுவீர்கள். அந்தச் சத்தத்துக்காகவே நான் கீழே இறங்கி வருவேன்.

நான் கராடிக்கு வீடு மாறிய பிறகு உன் தொண்டையில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சையில் குரல் போனது. அதற்குள் அப்பாவுக்கும் கண்ணழுத்த நோய் முற்றி, வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. நீ சிலேட்டில் எழுதினால் அவரால் படிக்க முடியாது. அவர் கேட்டால் உன்னால் சொல்ல முடியாது. நீ அவர் கையில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. அந்த வீட்டில் மிஞ்சிய பேச்சு அவ்வளவுதான்.

டாக்டரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் உன் மடிக்கணினி உனக்காகப் பேசியது. நீ தட்டச்சு செய்ததை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும். ஆனால் தமிழ்க் குரல் அடுத்த இயங்குதளத்தில்தான் இருந்தது. உன் கணினிக்கு அது கிடையாது என்று தயாரித்தவர்களே கைவிட்டிருந்தார்கள். போனில் முயன்று பார்த்தோம். சிகிச்சையில் மரத்துப்போன உன் விரல்கள் அந்தச் சின்ன எழுத்துகளில் நிற்கவில்லை. புதிது வாங்கித் தருகிறேன் என்றேன். நீ வேண்டாமென்று தலையாட்டிவிட்டு சிலேட்டில் எழுதினாய்: "அரே, என் விரலுக்குத் தெரிஞ்ச கீபோர்டு இது ஒண்ணுதான். கம்பெனி விட்டா என்ன, நீ ஏத்திக் குடு தோஸ்த்."

"நான் பக்கத்துல இருந்து அப்பாவுக்குப் படிச்சுச் சொல்றேனே" என்று கேட்டேன்.

அதை அழித்துவிட்டு எழுதினாய்: "நானே பேசணும். நடுவுல ஆள் வேண்டாம்."

அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றேன். அந்த ஞாயிறு அலுவலக வேலை. அதற்கடுத்த ஞாயிறு மழை என்று ஒரு சாக்கு. மூன்றாவது ஞாயிறுதான் வந்தேன். இந்தக் கணினிக்குத் தகுதியில்லை என்று நிறுவும் நிரல் அடம்பிடித்தது. அந்தச் சோதனையைத் தாண்டவைத்து, பழையதை அடியோடு அழித்து, புதியதை ஏற்றினேன். திரை மலர்ந்ததும் என் முதுகில் ஓங்கி அடித்தாய். குழந்தை மாதிரி இருந்தது உன் முகம். அப்பாவை நாற்காலியோடு அருகே இழுத்து உட்காரவைத்தாய். ஏதோ தட்டினாய். பொத்தானை அமுக்கினாய்.

ஒன்றும் கேட்கவில்லை.

புதிய இயங்குதளத்துக்கு அந்தப் பழைய ஒலிச் சில்லை அடையாளம் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் முட்டிப் பார்த்தேன். "என்னய்யா, பேசுதா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். ஐந்து மணி ஆனதும், "அடுத்த வாரம் சரி பண்ணிடலாம்" என்று பையை எடுத்தேன். நீ என் சட்டையைப் பிடித்தாய், பிறகு விட்டுவிட்டாய். திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது. உனக்கிருந்த ஆங்கிலக் குரலையும் நான் அழித்துவிட்டேன்.

வியாழக்கிழமை உன் தொண்டையில் ரத்தம் பீறிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுவாரம் உங்கள் வீட்டுக்குப் போனேன். யுஎஸ்பியில் செருகும் கட்டைவிரல் அளவு ஒலிக்கருவி ஒன்று என் மேசை டிராயரிலேயே வெகுநாளாகக் கிடந்தது. செருகியதும் சத்தம் வந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்தை இன்றுவரை என்னால் தாண்ட முடியவில்லை.

திரையில் 'அப்பாவுக்கு' என்று ஒரு கோப்பு இருந்தது. அந்த நான்கு நாளில் நீ எழுதியது. திறப்பதா வேண்டாமா என்று தவித்தேன். அப்பா, "போடுய்யா" என்றார். பொத்தானை அமுக்கினேன். யாரோ ஒரு பெண்ணின் குரல் உன் வார்த்தைகளைத் தட்டையாகச் சொல்லத் தொடங்கியது. இரண்டு வரிக்குள் அவர் கையை உயர்த்தினார்.

"வேண்டாம்யா, இது எம்புள்ள இல்ல. நீ படி."

நடுவில் ஆள் வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய். என்னை மன்னித்துக்கொள். நான் படித்தேன்.

"அப்பா, அம்மா தவறிப்போன அன்னிக்கு டூட்டின்னு சொன்னது பொய். நான் ரயில்வே ஸ்டேஷன்லதான் உக்காந்திருந்தேன். அம்மாவ அப்படிப் பாக்க பயமா இருந்துச்சு. இத்தன வருஷமா சொல்லணும்னு நெனச்சு, சண்டை போட்டுப் போட்டே ஓட்டிட்டேன்."

அதற்கு மேல் நீ எழுதவில்லை. அப்பா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எனக்குத் தெரியும்யா. அன்னைக்கு ஊர்ல இருந்து வந்த என் தங்கச்சியக் கூட்டியார ஸ்டேஷனுக்குப் போனேன். கடைசி பெஞ்சுல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தான். கூப்பிட்டா வெக்கப்படுவானேன்னு அவன் கண்ணுல படாம வந்துட்டேன். பெத்தவளப் பாக்க பயந்த புள்ளைய நான் என்ன கோவிக்க? ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா. நானாவது சொல்லியிருக்கணும்."

என் கைமேல் ஒரு தட்டு தட்டினார். நீ அவரிடம் ஆமாம் என்று சொல்லிவந்த அதே தட்டு. அந்தத் தட்டு உனக்குச் சேர வேண்டியது. என் கையில் தங்கிவிட்டது.