இடது பக்கமாக முந்தினேன்

ஜூன் 8, ஞாயிறு

அண்ணனை ஜெயித்துவிட்டேன். நானா?

கார் பந்தய வீடியோ கேம். நிஜப் பந்தயத் தொடரின் ஓடுதளங்கள், சக்கரங்கள் வெளியே தெரியும் ஒல்லிக் கார்கள். திரையின் மேல்பாதி அவனுக்கு, கீழ்ப்பாதி எனக்கு. இத்தனை வருடமும் நான் கடைசிதான்.

"எங்கேர்ந்துடி வந்தே?"

"ரோட்டுலேர்ந்துதான்."

அண்ணி சிரித்தாள். "உங்க அண்ணனுக்கு ஸ்கூல் வேன் ஓட்டுற கை. வேகமா போனா பசங்களோட அம்மா போன் பண்ணிடுவாங்கன்னு பயம்."

ஜூன் 10

மறுபடியும் ஜெயித்தேன். கர்வம்தான், மறைப்பானேன்.

ஜூன் 11, புதன்

முந்தியதெல்லாம் இடது பக்கமாக. இன்றுதான் உறைத்தது. வலதில் போனால் குறுக்கே வந்து மறிக்கிறான். இடதில், நான் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல ஓட்டுகிறான். பக்கத்தில் கார் வந்தால் அந்தப் பக்கத் திரையோரம் சிவப்பு அம்பு மின்னும்.

"அம்பைப் பாக்கலையா?"

"எந்த அம்பு?"

சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அவனுக்கு இடது பக்கமாகக் கையைத் தூக்கினேன். "நேரா என் மூக்கைப் பாரு. எத்தனை விரல்?"

"விரலை நீட்டிட்டுக் கேளு, புரொபசர்."

நீட்டித்தான் இருந்தேன்.

அண்ணி வந்தாள். அவனுக்கு இடது பக்கம் நின்று கையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வழிந்தது, கை நிற்கவில்லை.

அவன் என்னிடம் கேட்டான்: "எங்க போனா உங்க அண்ணி?"

வெளியே ஓடிப்போய் வேனைப் பார்த்தேன். இடது பக்கம் நீளக் கீறல். எவனோ உரசிவிட்டான் என்று போன வாரம் திட்டினானே. எவனோ! பிள்ளைகள் ஏறி இறங்கும் பக்கம் அது. ஐயோ.

அவன் சட்டைப்பையிலிருந்து அண்ணி சாவியை எடுத்துக்கொண்டாள்.

"குடு. சோறு யாரு போடுவா?"

"பட்டினி கிடப்போம்."

ஜூன் 13

கண் டாக்டர்: "கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு."

மூச்சு வந்தது.

"அதான் எனக்குக் கவலை. தலையை ஸ்கேன் பண்ணணும்."

ஜூன் 14

மூளையில் ரத்த அடைப்பு. எப்போதோ வந்து, வலிக்காமல், சொல்லாமல், பார்வையின் இடது பக்கத்தைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறது. குறைந்ததே அவனுக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் — என்னிடம் என்ன குறைந்திருக்கிறது? யாரைக் கேட்பது?

ஜூன் 16, திங்கள்

சாவியை வேன் முதலாளியிடம் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். திரும்பி வரும்போது நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டான்.

ஜூலை 5

தெரியாத பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகச் சொல்கிறார்கள். பழகமாட்டேன் என்கிறான். தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கேமை அவனாகவே போட்டான். நான் வலது பக்கமாகவே முந்தப் பார்த்தேன்.

"பாவம் பாக்கறியா? வாடி உன் பக்கம்."

போனேன். இடதில், முழு வேகத்தில். அடுத்த கணம் என் கார் சுவரில், முன் சக்கரம் தனியாக உருண்டது. மறித்துவிட்டான்!

நம்பமுடியாமல் திரும்பினேன். அவன் தலை, ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பவன்போல, முழுதாக இடது பக்கம் திரும்பியிருந்தது.