எங்கள் வீட்டு ஒருங்கிணைப்பாளர்

மார்ச் 4
குழந்தைகள் காப்பகம் தொடங்கி ஒரு வருஷம். வெளிநாட்டுக்காரர்கள் தயவில் கூரை, பாய், பொம்மை எல்லாம் வந்தாயிற்று. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் நான்கு பேருக்கு மட்டும் சம்பளம் கிடையாது. எங்கள் உழைப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சமூகத்தின் பங்களிப்பு'. இந்த வருஷம் ஒருவருக்காவது சம்பளம் போடுவார்களாம், திட்ட அதிகாரியம்மா சொன்னார். அது நான்தான் என்று மற்ற மூவரும் முடிவே செய்துவிட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 11
வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். குடும்பத்தின் பங்கைப் பார்க்க வேண்டுமாம் — அதாவது ஆண்களை. தெருவையே சல்லடை போட்டுத் தேடியதில் அகப்பட்டது என் வீட்டுக்காரர்தான். பஸ் கம்பெனியை மூடியதிலிருந்து வீட்டில்தானே இருக்கிறார்.
"குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு சும்மா நின்னா போதும் சார்" என்றார் அதிகாரியம்மா.
தலையணையை வைத்து ஒத்திகை பார்த்தோம். இரண்டு முறை விழுந்தது.

மார்ச் 15
பிள்ளை விழவில்லை. கடவுள் இருக்கிறார்.

ஏப்ரல் 9
சம்பளத்தோடு வேலை வந்துவிட்டது. 'ஆண்கள் பங்கேற்பு ஒருங்கிணைப்பாளர்.' என் வீட்டுக்காரருக்கு!
"உங்க குடும்பத்துக்குத்தானேம்மா வருது? யார் கையில வந்தா என்ன?" என்கிறார் அதிகாரியம்மா. இவரும் அதற்குத் தலையாட்டுகிறார்.
என்ன நியாயம் இது? ஒரு வருஷமா பீத்துணி அலசுனது யாரு?

ஏப்ரல் 10
எங்கள் நால்வரில் ஒருத்தியான எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.
"ஒருங்கிணைக்கிறவரு ஒருங்கிணைக்கட்டும்டி. நாளைக்கு நம்ம நாலு பேருக்கும் காய்ச்சல்."

ஏப்ரல் 11
காய்ச்சல். பதினோரு பிள்ளைகளோடு அவர் மட்டும். நாங்கள் நால்வரும் காப்பகம் தெரியும்படி அக்கா வீட்டு ஜன்னலில் காவல் — அப்படியே விட்டுவிட முடியுமா?
ஓயாமல் போன். "சின்னது அழுகைய நிறுத்தவே மாட்டேங்குதுடி. என்ன பண்ண?"
எடுத்துத் தோளில் போடச் சொன்னேன். சட்டை முழுக்க வாந்தி.
வீட்டுக்கு வந்து அப்படியே தரையில் சாய்ந்தார். "இதையா தினம் பண்றீங்க?" என்றார்.

ஏப்ரல் 13
காலையில் சொல்லாமல் கொள்ளாமல் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். "இது எம் பொண்டாட்டி வேலை. சம்பளத்த அவளுக்கே குடுங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். எழுந்து நின்று கை தட்டினார்களாம். இப்படி ஓர் ஆணை அவர்கள் பார்த்ததே இல்லையாம்.
எனக்கும் கை தட்டத் தோன்றியது. ஒத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 27
பதவி உயர்வு. அவருக்கு. அடுத்த வாரம் விமானமேறி, விட்டுக்கொடுப்பது எப்படி என்று மாநாட்டில் பேச வேண்டும். அவருடைய பழைய இடம் காலி. அதற்கு இன்னோர் ஆணைத் தேடுகிறார்கள். நாங்கள் நால்வரும் பழையபடி பங்களிப்பு.
பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
"அங்க போய் என்னடி பேசுறது?"
"நடந்தத அப்படியே சொல்லுங்க."
"அன்னிக்கும் அப்படித்தானே சொன்னேன். மறுபடி கை தட்டிட்டாங்கன்னா?"
முகம் வெளுத்திருந்தது, பாவம்.