பின்னால் போகும் கை

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் ஒரு கெஞ்சல். இதை யாருக்கும் காட்டாதீர்கள், அப்பாவிடம் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். போனில் நீங்கள் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், லயத்து வீடுகள் அத்தனைக்கும் கேட்கிறது, அதனால்தான் நீங்கள் இருக்கும் குவைத்துக்குத் திரும்பும் சிவசக்தி அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம், தம்பி ஜேசனுக்கு இருமல் விட்டுவிட்டது, பசறையில் ஓயாத மழை. உங்கள் கால் வீக்கம் வற்றியதா?

அம்மா, ஈஸ்டர் முடிந்ததிலிருந்து பந்து எறியும்போதெல்லாம் என் வலது தோளில் ஊசி குத்துவதுபோல வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை. நான் கூடைப்பந்து விளையாடத் தொடங்கியபோதே அப்பா, "வெளையாடு, வேணாங்கல, ஆனா கைகால்ல ஏதும் வந்துச்சுன்னா அன்னைக்கோட நிப்பாட்டிரணும்" என்று சொன்னது உங்களுக்கு ஞாபகமிருக்கும். அடுத்த மாதம் ஊவா மாகாண அணிக்கு ஆளெடுக்கிறார்கள். இடது கையால் தலை சீவிக்கொண்டு, வலிக்காததுபோலச் சிரித்துக்கொண்டு திரிந்தேன். கை போய்விட்டது என்றே நினைத்தேன்.

இன்று காலை எங்களுக்குப் பயிற்சி தரும் ஸிஹாமா டீச்சர் நான் எறிவதைப் போனில் வீடியோ பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டினார். எனக்கே வெட்கமாகிவிட்டது. பந்து நெற்றிக்கு முன்னால் நிற்காமல் தலையைத் தாண்டித் தோளுக்குப் பின்னால் போகிறது, முழங்கை வெளியே விரிகிறது, கால்கள் கம்பம்போல விறைத்து நிற்கின்றன. எட்டிப் பார்த்த எங்கள் அணி நிஷாலினி, "ஏய் றொஷேல், கூடை ஒம் முதுகுல இல்லடி, மேல இருக்கு!" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. லீவு நாட்களில் உங்களோடு மலைக்கு வந்தபோது, திரும்பிப் பார்க்காமலே தேயிலைக் கொழுந்தைத் தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் போடப் பழக்கினீர்களே, என் கை அதையேதான் செய்கிறது. கொழுந்துக்குப் பாரமில்லை, பந்துக்கு இருக்கிறது. அதை முழுவதும் தோள் ஒன்றே சுமந்திருக்கிறது.

வலியையும் சொல்லி அழுதுவிட்டேன். டீச்சர் ஏசவில்லை, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கையை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்த டொக்டர், எதுவும் கிழியவில்லை, தசைதான் களைத்திருக்கிறது, இரண்டு வாரம் எறியாமல் இருந்தால் சரியாகிவிடும் என்றார். வாசல் படியில் உட்கார்ந்து மறுபடி அழுதேன் அம்மா, இது வேறு அழுகை. திரும்பும் பஸ்ஸில் டீச்சர், "கையால எறிய வாணாம் மகள், காலால எறிங்க. முழங்கால மடிச்சு எழும்புற வேகம் இடுப்பால ஏறிக் கைக்கு வரும், கடைசியா மணிக்கட்டு ஒரு தட்டு, அவ்வளவுதான். மலை ஏறி எறங்குற கால வெச்சிக்கிட்டு ஏன் தோள வதைக்கிறீங்க?" என்றார். வீட்டுக்கு வந்து பந்தில்லாமல் மடங்கி எழும்பிப் பார்த்தேன். ஜேசன் எனக்குப் பேய் பிடித்துவிட்டதா என்று கேட்டான்.

ஆளெடுத்து முடிந்ததும் நானே அப்பாவிடம் சொல்லிவிடுவேன், அதுவரை பொறுங்கள். மாதா உங்களை ஒரு குறையும் வராமல் வைத்திருக்கட்டும், எனக்காகவும் ஒரு ஜெபம் சொல்லுங்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் அன்பு மகள்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. "தோளுக்குத் தைலம் சுட வெச்சிருக்கேன், கதவத் தெற புள்ள. ஆளெடுக்கிறதுக்குள்ள சொகமாக வேணாமா?" என்கிறார்