ஏழு அங்குலம் குறைந்த கடல் தேள்

புதுக் காடாத் துணியை வாளித் தண்ணீரில் அமுக்கினால் ஒரு கஞ்சி வாடை வரும். இன்று காலை தலையணை உறை தைப்பதற்காக இரண்டு மீட்டர் நனைத்தேன். வாடை மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். போய்ச் சேர்ந்த சிநேகிதியை நினைத்துக்கொள்ள மற்றவர்களுக்கு மல்லிகை, சந்தனம் என்று ஏதேதோ வாய்க்கிறது. எனக்கு வாய்த்தது காடாத் துணி. கையைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் நீ அறிவியல் டீச்சர், நான் தையல் டீச்சர். தையல் டீச்சர் என்றால் அரை டீச்சர் என்பது ஸ்டாஃப் ரூமின் எண்ணம். நீ ஒருத்திதான், "மனுச உடம்ப என்னைவிட நீதான்டி அதிகமா அளந்திருக்க" என்று சொல்லி உன் பக்கத்து நாற்காலியை எனக்குப் பிடித்து வைப்பாய். வகுப்பில் ஒரு சின்னத் தவறு சொல்லிவிட்டாலும் மறுநாள் முதல் வேலையாக, "நேத்து நான் சொன்னது தப்பு, அடிச்சிட்டு எழுதுங்க" என்பாய். வேறு எந்த டீச்சரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனாலேயே நீ சொன்னால் பிள்ளைகள் நம்பினார்கள்.

திருவக்கரைக்குக் கல்மரம் பார்க்கக் கூட்டிப்போன அன்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மரம் கல்லாவும்னா, பூச்சி பொட்டெல்லாம்கூட கல்லாவுமா டீச்சர்?" நீ அதற்காகவே காத்திருந்தவள்போலக் கடல் தேளின் கதையை எடுத்தாய். நாற்பது கோடி வருடங்களுக்கு முன் கடலில் இருந்தது, பெயர் டெரிகோடஸ், கல்லில் பதிந்த தடமாகத்தான் இன்று கிடைக்கிறது, ஆறரை அடி நீளம். ஆறரை அடி என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். முதல் தடவையாக அவர்கள் உன்னை நம்பவில்லை. அது உனக்குப் பொறுக்கவில்லை.

விழுப்புரத்தில் அறிவியல் கண்காட்சி வந்தது. அந்தத் தேளை முழு அளவில் செய்து அங்கே வைக்கிறேன் என்றாய். தலைமையாசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. "பாடத்துலயும் இல்ல, நம்ம ஊர்லயும் இல்ல. தப்பா எதையாவது வச்சிட்டு ஸ்கூல் பேர கெடுக்காதீங்க" என்றார். "ஒரு அங்குலம் தப்பா இருந்தாலும் நான் பொறுப்புங்க மேடம். அப்படி ஆச்சுன்னா இனிமே எந்த வருசமும் கண்காட்சின்னு வந்து நிக்கமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு நேரே என் வகுப்புக்கு வந்தாய். கையில் ஒரு பழைய புத்தகம், அதில் உள்ளங்கை அளவு படம். "இத தைக்க முடியுமாடி?" என்றாய்.

முடியாது என்று சொல்லும் வழக்கம் எனக்கு ஏது? உடம்பில் பன்னிரண்டு கண்டங்கள், முன்னால் இரண்டு பெரிய இடுக்கிகள், நீந்துவதற்குத் துடுப்புக்கால்கள், விஷக் கொடுக்கு இல்லாத தட்டையான வால். காடாத் துணியில் வெட்டித் தைத்து, பழுப்புச் சாயத்தில் முக்கி, வைக்கோல் திணிப்பது என்று முடிவு. வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயவைக்க வேண்டும் என்று வாரத்துக்கு நாலு தடவை பிள்ளைகளிடம் கத்துகிறவள் நான். அவசரத்தில் நனைக்காமலே வெட்டினேன். தைத்த உறையைக் கொதிக்கும் சாயத்தில் முக்கிக் கொடியில் காயப்போட்டு எடுத்து அளந்தால், துணி சுருங்கி ஏழு அங்குலம் குறைகிறது. மறுநாள் கண்காட்சி. வைக்கோலை இறுக்கித் திணித்தால் நீளும் என்று பார்த்தேன். தேள் குண்டானதுதான் மிச்சம்.

உன்னிடம் சொல்லவில்லை. யார் அளக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த உன் வீட்டில் கொண்டுவந்து போட்டேன். "என்னா அழகுடி!" என்று அதன் முதுகைத் தடவிக்கொடுத்தாய்.

மறுநாள் காலை கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்த ஆறு பிள்ளைகளோடு பாசஞ்சர் ரயிலில் ஏறி, அதை நம் மடிகளில் குறுக்கே கிடத்திக்கொண்டோம். எதிரே மீன் கூடையோடு மரக்காணத்து அம்மா ஒருத்தி. "இன்னாம்மா இது, எறாவா தேளா?" என்று கேட்டாள். "ரெண்டுக்கும் தூரத்துச் சொந்தம்மா. கடல்ல இருந்துது" என்றாய் நீ. "இம்மாம் பெருசு வலையில மாட்டுச்சுன்னா எங்க ஊட்டு ஆம்பிளைங்க வலைய உட்டுட்டு ஓடிக்கினே இருப்பாங்க" என்று அவள் சொல்ல, பெட்டியே சிரித்தது. நான் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மயிலம் தாண்டியதும், "ஏதாவது சொல்லணுமாடி?" என்று கேட்டாய். "பசிக்குது" என்றேன்.

கண்காட்சிக் கூடத்தில் நம் மேஜையை ஒழுங்கு செய்துவிட்டு, முன்பே எழுதிவைத்திருந்த அட்டையை என் கையில் கொடுத்தாய். 'கடல் தேள். உண்மை அளவு: ஆறரை அடி.' "நீயே மாட்டுடி" என்றாய். மாட்டினேன். நீ என்னையே பார்த்தது இப்போதும் முதுகில் உறைக்கிறது.

நடுவராக வந்தவர் நம் அட்டையைப் படித்துவிட்டு, "ஆறரை அடியா? அளந்தீங்களா?" என்றார். டேப் என் கைப்பையில் இருந்தது. எடுக்க எனக்குக் கை வரவில்லை. அவர் வேறு யாரிடமோ வாங்கி அளந்தார். ஐந்தடி பதினொன்று. நம் பிள்ளைகள் ஆறு பேரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். "அளவே தெரியாம எதுக்குங்க உண்மை அளவுன்னு போடறீங்க?"

நீ என்னைப் பார்க்கவில்லை. "தப்பு என்னுதுங்க சார்" என்று சொல்லிக்கொண்டே உன் பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்து மாட்டினாய். அதே பெரிய எழுத்து, அதே அடிக்கோடு. 'ஐந்தடி பதினொரு அங்குலம். முழு வளர்ச்சிக்குச் சற்று முந்தைய பருவம்.' பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, நண்டுபோல அது பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வளரும், கல்லில் கிடைத்தவற்றில் பல அது கழற்றிப் போட்ட ஓடுகள்தான் என்று நிதானமாக விளக்கினாய். நடுவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். பரிசு இல்லை. தலைமையாசிரியையிடம் கொடுத்த வாக்குப்படி, அதற்குப் பிறகு எந்தக் கண்காட்சிக்கும் நீ போகவும் இல்லை.

அந்த அட்டையைக் கூடத்தில் நின்று எழுதியிருக்க முடியாது. முந்தின நாளே நீ அளந்திருக்கிறாய். தெரிந்துதான் ரயிலில் கேட்டாய், தெரிந்துதான் மாட்டச் சொன்னாய். திரும்பி வரும் வழியில் முண்டியம்பாக்கத்தில் மெதுவாக ஆரம்பித்தாய்: "நீயா சொல்லுவன்னு பாத்தேன்டி." அப்போதாவது சொன்னேனா? "கடைக்காரன் மட்டமான துணியக் குடுத்துட்டான்" என்றேன். "அப்படியா" என்றாய். அவ்வளவுதான். அதைவிட நீ என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அதன் பிறகு முப்பது வருடம் உன் ரவிக்கை ஒவ்வொன்றையும் நான்தான் தைத்தேன். திண்டிவனத்தில் லேடீஸ் டெய்லர் எத்தனையோ பேர் வந்தார்கள். நீ யாரிடமும் போகவில்லை. அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை.

கடைசியாக உன்னை விழுப்புரத்தில் உன் மகள் வீட்டில் பார்த்தேன். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, பிடித்துக் கொடு என்றாய். தோளை அளந்தேன். நம்பாமல் மறுபடியும் அளந்தேன். நீ சிரித்துக்கொண்டு, "சரியா அளடி. அந்தத் தேளு கெதி எனக்கும் ஆயிடப்போவுது" என்றாய்.

சொல்லிவிட்டேன். "துணி மேல தப்பில்லடி. நான்தான் நனைக்காம வெட்டினேன். தெரிஞ்சே மறைச்சேன். உன்ன எல்லார் முன்னாலயும் தலைகுனிய வச்சிட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா" என்றாய். "எதிர்ல டெய்லர் கடைய வச்சிக்கினு உங்கிட்டயே வந்து நின்னேனே, எதுக்குன்னு நெனச்ச? நீ என்னா அவ்ளோ நல்லாவா தைக்கிற?"

முதலில் ஒரு ரவிக்கையைப் பிடித்துக் கொடுத்தேன். இரண்டு தடவை போட்டுக்கொண்டாய் என்று உன் மகள் சொன்னாள்.

உன் பொறுமை எனக்குக் கிடையாது என்பது உனக்குத் தெரியும். போன வாரம் என் மெஷினில் ஊசி உடைந்து கிடந்தது. மருமகள் வேலைதான், முகத்திலேயே தெரிந்தது. வழக்கம்போலத் திட்டு வாய்வரை வந்துவிட்டது. உன்னை நினைத்துக்கொண்டேன். ஒன்றும் கேட்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். முப்பது வருடமெல்லாம் என்னால் ஆகாது, அரை மணி நேரம் தாங்கினேன். "அத்தே, ஒண்ணு சொல்லணும்" என்று அவள் ஆரம்பித்தபோது எனக்கு ஏன் கண் கலங்கியது என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.