நீ ரெஜினாவுக்குக் கொடுத்தது

என் தங்கமே கௌதமி,

நான் சொல்லச் சொல்ல உன் தங்கை யசோதா எழுதுகிறாள். எனக்குப் படிப்பில்லை. ஆனால் ஒரு தடவை காதில் விழுந்தது என்னை விட்டுப் போகாது, அது உனக்குத் தெரியும். இப்போது அதை நம்பத்தான் ஆளில்லை.

திரையில் இருக்கும் தமிழைக் கண் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று செய்தாயே, அதைப் பற்றித்தான். சம்பளம் வாங்காத ஆட்கள் சேர்ந்து நடத்தும் களஞ்சியத்தில் அதை வைத்திருந்தாய். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் திருத்துகிற உரிமை ஒருவர் பெயரில்தான் இருக்கும் என்று சொல்வாய். போன மாதம் அந்தக் களஞ்சியத்தைப் புது கம்ப்யூட்டருக்கு மாற்றினார்களாம். மென்பொருள் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. எது யாருடையது என்ற பதிவு மட்டும் அழிந்துவிட்டது.

தேடித் தேடிப் பழைய நகல் ஒன்றைப் பிடித்தார்கள். அதில் உன் பெயர். நீதான் இல்லையே, அதனால் உன்னுடையதை அனாதை என்று குறித்துவிட்டார்கள். நான் இருக்கிறேன், யசோதா இருக்கிறாள், அது எப்படியம்மா அனாதை?

எப்போதோ இரண்டு திருத்தம் அனுப்பிய ஓர் ஆள் அதைத் தனக்குக் கேட்டிருக்கிறார். அவர் மேல் கோபமில்லை என்று சொன்னால் பொய். தன் கைக்கு வந்தால் பழைய கம்ப்யூட்டர்களில் இனி அது ஓடாது என்று இப்போதே எழுதிவிட்டாராம். ஆண்டர்சன்பேட்டையில் ரெஜினாவிடம் படிக்கிற பார்வையில்லாத பிள்ளைகளிடம் இருப்பதெல்லாம் பழசுதான்.

உன்னோடு கல்லூரியில் படித்த அந்த ரெஜினாவுக்குத்தான் நீ அதைக் கொடுத்தாய். கண் தெரியாதவள், கேட்டுக் கேட்டே உன் தப்புகளைப் பிடித்தவள். புத்த பூர்ணிமாவுக்கு மறுநாள். உட்கார முடியாமல் தலையணையில் லேப்டாப்பைச் சாய்த்து வைத்திருந்தாய். நான் பக்கத்தில் சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தேன்.

"உன் பேருக்கு மாத்திட்டேன்டி. இனிமே தப்பு வந்தா உன்னையே திட்டிக்கோ" என்றாய்.

போனில் அவள் சிரித்தாள். "போடி, உன்னத் திட்டாம எனக்கு இன்னா வேலை?"

பழைய நகல் அதற்கு முன்பே எடுத்ததாம். களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் சந்தீப்பிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அங்கிள், நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. எழுத்துல ஏதாவது இருக்கா?"

"எழுத்து உங்க கிட்டதான் இருந்துச்சு. தொலைச்சது நீங்க. சாட்சி மட்டும் நான் கொண்டாரணுமா?"

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். பெயர் மாறினால், பழைய சொந்தக்காரருக்கு மட்டும் ஒரு மெயில் போகுமாம். "கௌதமி மெயில்ல அது இருக்கும். காட்டுங்க, இன்னிக்கே ரெஜினா பேரப் போட்டுடறேன்."

யசோதா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

நான் வேலை பார்த்த தங்க மைன்ஸில் ஒருவன் செத்தால் அவன் நம்பர் போட்ட டோக்கனை அந்த வாரமே ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஷிஃப்டிலும் அவன் பெயரைக் கூப்பிடுவார்கள். என் அண்ணன் டோக்கனை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பழக்கம் கண்ணு. உன்னைப் புதைத்த வாரமே, உன் மெயிலை அடியோடு மூடு என்று உன் தங்கையிடம் அடம்பிடித்தேன்.

"இருக்கட்டும்பா, பின்னாடி எதுக்காவது வேணும்" என்றாள்.

"செத்தவளுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டவன் நான். அழுதுகொண்டே மூடினாள். திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள்.

அவர்கள் தொலைத்தது ஒன்று, நான் அழித்தது ஒன்று. எதை உன்னிடம் முதலில் சொல்ல?

போன வாரம் களஞ்சியத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அந்த ஆள் பெயருக்கு மாற்ற எங்கள் குடும்பத்துக்கு ஆட்சேபம் இல்லையாம். யசோதா இரண்டு தடவை படித்தாள்.

"இதுல ரெஜினா எங்க?"

"இல்லப்பா."

நான் கைநாட்டு வைக்க மை தயாராக இருந்தது. விரலை மடக்கிக்கொண்டேன்.

"நீங்க வைக்கலன்னா அது யாருக்கும் இல்லாம அப்படியே நிக்கும் அங்கிள். ஒரு தப்பு வந்தாகூட திருத்த ஆளிருக்காது" என்றார் சந்தீப் போனில்.

"நிக்கட்டும்" என்றேன்.

ரெஜினா நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். "எனக்காக வீம்பு பிடிக்காதீங்கப்பா. நாளைக்கு அது நின்னுபோனா பசங்க என்னத்தான் கேப்பாங்க" என்றாள். நான் செய்தது சரியா கௌதமி? நீ இருந்தால் என்னைத்தான் திட்டுவாயோ?

களஞ்சியத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கூடிப் பேசுவார்களாம். வாரா வாரம் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் என் தப்பைச் சொல்வேன். அப்புறம் நீ சொன்னதை, நீ சொன்ன மாதிரியே சொல்வேன். ரெஜினா பெயர் எழுதிய தாள் வருகிறவரை என் விரலில் மை படாது. இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் மெயிலை மூடச் சொன்ன,
உன் அப்பா