படுக்கவைத்தே நோயாளியாக்கினார்கள்

அக்கா,

இன்று காலை உங்கள் இரும்புக் கட்டிலைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேலத்தெருவில் ஒரு பெண் குளியலறையில் வழுக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாளாம். அவள் வீட்டார் இரவல் கேட்டு வந்திருந்தார்கள். மெத்தையைச் சுருட்டும்போது வலித் தைலத்தின் வாடை குப்பென்று கிளம்பியது. நீங்கள் போய் இத்தனை காலமாகியும் அது போகவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா ஞாபகம் வந்துருச்சா?" என்று ஆதரவாகக் கேட்டார்கள். அவர்கள் நினைத்ததுபோல் எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

இந்த வீட்டுக்கு நான் இளைய மருமகளாக வந்தபோது நீங்கள் மூத்த மருமகளாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே கொல்லை, இரண்டு அடுப்பு. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நீங்கள் மொபெட்டில் பட்டுக்கோட்டைக்குப் போவதை வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பேன். முன்னால் ஒரு மூட்டை தேங்காய், பின்னால் ஒரு மூட்டை. சந்தையில் யாராவது விலையைக் குறைத்துக் கேட்டால் மூட்டையை அவிழ்க்காமலே திரும்பி வந்துவிடுவீர்கள். "உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துடும்டி" என்று சொல்லி, நின்றபடியே சாப்பிடுவீர்கள்.

சம்பா அறுப்பு முடிந்து உளுந்தும் தெளித்தாகிவிட்ட மாசி மாதம் அது. மூட்டையை வண்டியில் வைக்கக் குனிந்த நீங்கள் குனிந்தபடியே நின்றுவிட்டீர்கள். இடுப்பில் ஏதோ மடக்கென்றது என்றீர்கள். நாங்கள் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்தோம். மறுநாள் உங்கள் வீட்டுக்காரர் பக்கத்து ஊர் டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "தேய்மானம். படுத்தே இருக்கணும். அசையவே கூடாது" என்றார். எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அன்றோடு உங்கள் சொல் செல்லாததாகிவிட்டது, அக்கா. சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் மகன் கட்டிலுக்குப் பணம் அனுப்பினான். கூடத்தில், டிவிக்கு எதிரே அதைப் போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "ஒங்களுக்கு என்னக்கா, மகாராணி மாதிரி" என்றார்கள். மலஜலத்துக்குக்கூட மகாராணிக்கு எழுந்திருக்க உத்தரவில்லை. பாத்திரத்தை நான் எடுத்துவரும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வீர்கள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

முதல் வாரத்திலேயே வலி நன்றாகக் குறைந்திருந்தது. "செத்த எந்திரிச்சு நடந்தா தேவலாம்போல இருக்குங்க" என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டீர்கள். "கொழுப்பா? எதாவது ஆச்சுன்னா யாரு பாக்குறது?" என்றார் அவர். பங்குனியில் இடுப்பு மரக்கட்டையாக விறைத்துப்போனது. சித்திரையில் புரண்டு படுத்தாலே கத்தினீர்கள். டாக்டரிடம் போய்ச் சொன்னார்கள். வலி கூடுகிறது என்றால் ஓய்வு போதவில்லை என்று அர்த்தமாம். இன்னும் படுக்கச் சொன்னார். படுக்கப் படுக்க வலித்தது. வலிக்க வலிக்கப் படுக்கவைத்தார்கள். இந்தக் கணக்கு எங்கேயோ இடிக்கிறதே என்று கூடத்தில் இருந்த ஒருவருக்காவது தோன்றியதா?

எனக்குத் தோன்றியது. உங்கள் புடவையை மாற்றிவிடும்போது காலைப் பார்த்தேன். மொபெட்டை ஒரே உதையில் கிளப்பிய அந்தக் கெண்டைக்கால், பிடித்தால் கைக்குள் தொளதொளவென்று நழுவியது. உங்கள் வீட்டுக்காரரிடம் போய், "மாமா, தஞ்சாவூர்ல வேற டாக்டர்கிட்ட காட்டிப் பாப்போம்" என்றேன். "நீ என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆனியில் கல்லணை திறந்து புது ஆற்றில் தண்ணீர் வந்தது. நம் வாய்க்காலுக்கும் வந்துவிட்டதாகச் சொன்னேன். "சத்தம் கேக்குது" என்றீர்கள். பிறகு, "என்னைத் தூக்கிட்டாவது போயேன்" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போன அன்று கார் பிடித்தேன். என் கணவர் தன் அண்ணனுக்குப் பயந்தார். ஆனாலும் உங்களைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தது அவர்தான்.

தஞ்சாவூர் டாக்டரம்மா எக்ஸ்ரேயை அப்புறம்தான் பார்த்தார்கள். முதலில் உங்களைத்தான் பார்த்தார்கள். முட்டியைத் தட்டினார்கள், காலைத் தூக்கச் சொன்னார்கள், எங்கேயாவது மரத்துப்போகிறதா, காய்ச்சல் உண்டா, சிறுநீர் தெரியாமல் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றீர்கள். "இந்த வயசுல எல்லார் எக்ஸ்ரேயிலயும் இந்தத் தேய்மானம் இருக்கும்மா, தலை நரைக்கிற மாதிரி" என்றார்கள். "உங்களுக்கு வந்தது சாதாரணப் பிடிப்பு. ரெண்டு மூணு நாள் ஓய்வு போதும். அப்புறம் மெதுவா நடமாடணும். இவ்வளவு நாள் படுத்தா முதுகைத் தாங்குற தசையெல்லாம் இளைச்சுப்போயிடும், எலும்பும் பலம் குறையும். இப்ப உங்களுக்கு வலிக்கிறது படுக்கையாலதான்."

நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். "எந்திரிக்கணும்போல இருக்கு, எந்திரிக்கணும்போல இருக்குன்னு சொன்னேனேடி. அப்ப என் ஒடம்பு சரியாத்தானே சொல்லியிருக்கு?" டாக்டரம்மா உங்கள் தோளில் கை வைத்தார்கள்.

ஊர் திரும்பியதும் வீட்டில் நடந்த ரகளையை எழுதப் போவதில்லை. "அவ ஒடிஞ்சு விழுந்தா நீதான் பொறுப்பு" என்றார் உங்கள் வீட்டுக்காரர். "ஆமா, நான்தான்" என்றேன். முதலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தீர்கள், தலை சுற்றியது. அடுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். வாசல் வரை நடக்கப் பல நாள் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பீர்கள், நடுவில் நின்று அந்தப் பழைய டாக்டரைத் திட்டுவீர்கள், மறுபடி நடப்பீர்கள். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் வரை வந்துவிட்டீர்கள். தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, "தொலைஞ்சானுவ" என்றீர்கள். யாரை என்று நான் கேட்கவில்லை.

முழுசாகத் திரும்பவில்லை, அக்கா. அதுதான் என் வயிற்றெரிச்சல். நடந்தீர்கள், சமைத்தீர்கள், தைப் பொங்கலுக்கு வாசலில் நின்று பானை இறக்கினீர்கள். ஆனால் அந்த மொபெட்டை மறுபடி எடுக்கவே இல்லை. சில வருடம் அப்படி இருந்தீர்கள். ஒருநாள் காலை கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள். மாரடைப்பு என்றார்கள்.

துக்கம் கேட்க வந்த கூட்டத்தில் உங்கள் நாத்தனார் ஆரம்பித்தார். "அன்னைக்கே டாக்டர் சொன்னமாதிரி படுத்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பா. எழுப்பி நடக்கவிட்டாங்க." உங்களைக் கிடத்தியிருந்தார்கள், தலைமாட்டில் விளக்கு எரிந்தது. நான் எழுந்து நின்றேன். "நெஞ்சு நின்னதுக்கும் இடுப்புக்கும் என்னங்க சம்பந்தம்? மாசியிலேருந்து ஆனி வரைக்கும் அவங்கள உசுரோட கெடத்திப் போட்டிருந்தீங்களே, அப்ப எங்க இருந்தீங்க? நின்னு செத்தாங்க. அந்த ஒண்ணாவது அவங்களுக்குக் கெடைச்சுது" என்றேன். என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். சாவு வீட்டில் சண்டை போட்டவள் என்ற பெயர் எனக்கு இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

போன ஐப்பசியில் உங்கள் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வரப்பில் வழுக்கிவிட்டாராம். ஒருநாள் முனகிக்கொண்டு படுத்திருந்தார். மறுநாள் காலை மழை விட்டதும் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வயல்ல தண்ணி நிக்குதான்னு பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பினார். அந்த நாத்தனாரும் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். காபி டம்ளரைக் கீழே வைக்காமல், "பாத்துப் போ அண்ணே" என்றார். அவ்வளவுதான். அவர் மெதுவாகக் குனிந்து வேலியைத் தாண்டி, நடக்க நடக்க நிமிர்ந்து, தெருமுனை திரும்பிப் போனார். யாரிடமும் அவர் கேட்கவில்லை. எதற்கு நடக்கிறாய் என்று அவரையும் யாரும் கேட்கவில்லை.

போனவளுக்காக இன்னும் என்ன கோபம், விட்டுத்தொலை என்கிறார் என் கணவர். விடமாட்டேன், அக்கா.