லாசியாவுக்குக் காட்டிய எழுத்துகள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. திருப்பதியிலிருந்து சத்தியவேடு வந்து சேர மணி நாலு.

டாக்டர் சொன்னது: வலது கண்ணிலும் கட்டி மருந்துக்கு அடங்கவில்லை. எடுத்துவிட வேண்டும். விட்டால் மூளைக்குப் போகும். இடது கண் போன வருடமே எடுத்தாயிற்று. 16 அட்மிஷன். 17 ஆபரேஷன். அப்பா என்ற இடத்தில் முரளி கையெழுத்துப் போட்டார். பேனா எழுதவில்லை, உதறி உதறிப் போட்டார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாசியாவுக்கு ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோரம். எதிரே வந்த லாரிகளை எண்ணினாள். பதினொன்று வந்ததும் மறுபடி ஒன்று. நாலரை வயது.

அவளுக்கு இன்னும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் அங்கன்வாடிக்கும் சரியாக அனுப்பவில்லை. எழுத்துகளை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிடட்டும். பின்னால் விரலால் தடவினாலும் உருவம் மனதில் வருமே. எட்டு நாள் இருக்கிறது.

வாங்க வேண்டியவை: கலர் சார்ட், பசை, கம்பளி நூல், பஞ்சு. வீட்டில் இருப்பவை: ரவை, உளுந்து, பழைய கல்யாணப் பத்திரிகைகள்.

ஜூலை 9, புதன்

வெயில். கொளுத்துகிற வெயில்.

அ பெரிதாக வெட்டினேன், சிவப்பு சார்ட்டில். அதன் மேல் பசை தடவி உளுந்து ஒட்டச் சொன்னேன். பாதி ஒட்டினாள். பாதி வாயில். சின்னதெல்லாம் கண்ணுக்கு நாலு விரல் தூரத்தில் வைத்தால்தான் தெரிகிறது, அதனால் மூக்கெல்லாம் பசை.

ஆ: ஆடு. பஞ்சு ஒட்டினோம். “ஆட்டுக்கு வாலு எங்கம்மா?” எழுத்துக்கே வால் இருக்கிறது, பார் என்றேன். அந்த வாலுக்கும் பஞ்சு வைத்தாள்.

முரளி ஷிப்டு முடிந்து வந்தார். அட்டைகளைப் பார்த்துவிட்டுக் கால் கழுவப் போனார்.

ஜூலை 11, வெள்ளி

இ: இலை. கறிவேப்பிலையை இ மேல் வரிசையாக.
ஈ: கம்பளி நூல். நன்றாக வரவில்லை.
உ: உருளைக்கிழங்கை உ மாதிரி செதுக்கி, பீட்ரூட் சாற்றில் தோய்த்து அச்சு. திருப்பிச் செதுக்க வேண்டும் என்று தெரியாமல் முதலில் எல்லாம் இடம் வலம் மாறி. அவளுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். தரை, சுவர், என் புடவை, எல்லாவற்றிலும் உ.

சொட்டு மருந்து மூன்று வேளை. மத்தியானம் மறந்தேன்.

ஜூலை 12, சனி

எழுதவே கை வரவில்லை. ஆனாலும்.

காலையில் ஊ, எ, ஏ மூன்றையும் தட்டில் ரவையைப் பரப்பி முடித்துவிட்டேன். சாப்பிட்டதும் ஐ. அவள் கையை அட்டையில் வைத்துச் சுற்றி வரைந்தேன், ஐந்து விரல். உள்ளங்கையில் ஐ எழுதி, பாரு என்றேன்.

“கண்ணு நோவுதும்மா.”

“இது ஒண்ணுதான். பாரு.”

“வேணாம்.”

“பாருடி.”

கையை இழுத்துக்கொண்டாள். அட்டை கிழிந்தது. அந்தக் கையிலேயே அடித்தேன். ஓர் அடி. சத்தம் வீட்டுக்கு வெளியே கேட்டிருக்கும். அவள் அழவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்தக் கண்ணால்.

முரளி அவளைத் தூக்கி பைக்கில் உட்கார வைத்தார்.

“புள்ள பாக்க வேண்டியது உலகத்துல எவ்ளோ கீது. நீ எழுத்தையே காமிச்சிக்கினு கீற.”

“நாளைக்கு இவ படிக்க வேணாமாங்க?”

“படிக்கட்டும். அதுக்கு இப்ப உன் மூஞ்சிய பயந்துக்கினு பாக்கணுமா?”

பைக் கிளம்பிவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள். வளர்ப்பு மீன் கடைக்குப் போனார்களாம். கறுப்பு மீன் ஒன்று சும்மா சும்மா வாயைத் திறந்ததாம். அதை எனக்குச் செய்து காட்டினாள். அடித்ததை மறந்துவிட்டாள், அல்லது மறந்த மாதிரி.

ஐ-யோடு நிறுத்திவிட்டேன். ஒ, ஓ, ஔ இல்லை.

ஜூலை 14, திங்கள்

என்ன பார்க்க ஆசை என்று கேட்டேன். மலை, கோயில், கடல், எது சொன்னாலும் போவதாக இருந்தோம். “நைனா போற கம்பெனி பஸ்” என்றாள், அப்பா ஷிப்டுக்குப் போகிற பஸ்.

ஏழரைக்கு மூன்று பேரும் ரோட்டில். டிரைவர் உள்ளே ஏறிப் பார்க்க விட்டார். ஒவ்வொரு சீட்டுக்கும் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். “இதுல நைனா எதுல குந்துவாரு?” கடைசிக்கு முந்தின சீட்டு. அந்தச் சீட்டில் உட்கார்ந்து எழுந்தாள். பஸ் நின்றதற்கு ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லிவிட்டோம். நான்தான் சொன்னேன், முரளி அவளை மடியில் வைத்திருந்தார்.

“வியாழக்கிழமை டாக்டர் இந்தக் கண்ணையும் எடுத்துடுவாரு. வலி போயிடும். ஆனா ஒண்ணும் தெரியாது.”

“வெள்ளிக்கிழமை தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“சனிக்கிழமை?”

“தெரியாது.”

“ஞாயித்துக்கிழமை?”

முரளி அவளை என் மடிக்கு மாற்றிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் ஒவ்வொரு கிழமையாகப் பதில் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த கிழமைகள் தீர்ந்ததும் தோசை கேட்டாள்.

ஜூலை 17, வியாழன். திருப்பதி

7.10 உள்ளே. 9.20 வெளியே. பெரிய கட்டு.

மயக்கம் தெளிந்ததும், “லைட்டு போடும்மா.”

ஜூலை 20, ஞாயிறு. திருப்பதி

ஜுரம் இல்லை. இட்லி ஒன்றரை. என் சுண்டுவிரலை விடவே இல்லை, பாத்ரூமுக்குப் போனபோதுகூட.

ஆஸ்பத்திரிக்கு நாகமணி டீச்சர் வந்தார். பார்வையில்லாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். அவருக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை. “நீ பேரேன்ட்டி தல்லி?” என்று தெலுங்கில் செல்லமாகப் பெயர் கேட்டார். லாசியா சொன்னாள். அப்புறம் எனக்காகத் தமிழுக்கு மாறினார். நான் பாடம் ஒப்பிப்பது போல, ஐ வரைக்கும் காட்டிவிட்டேன் என்றேன். ரவை, உளுந்து, நூல் எல்லாம் சொன்னேன்.

“நல்லா செஞ்சீங்கம்மா. ஆனா இவ படிக்கப் போறது அந்த எழுத்து இல்ல. புள்ளி. ஆறு புள்ளிதான், அதுல எது மேடா இருக்குதுன்னு வெரலால பாக்கணும். தெலுங்குக்கும் தமிழுக்கும் ஒரே அ.”

யாரிடமாவது முதலிலேயே கேட்டிருக்கலாம். அந்த எட்டு நாளும் பஸ்ஸும் மீனுமாகவே போயிருக்கலாம். அடி விழுந்திருக்காது.

டீச்சர் லாசியாவிடம் கையை நீட்டினார். “நா அ பாத்ததே இல்ல. எப்டி இருக்கும்? எழுதிக் காட்றியா?”

லாசியா அவர் உள்ளங்கையில் ஒரு சுழி போட்டாள். அதற்கு மேல் விரல் நின்றுவிட்டது. திரும்பவும் சுழி. திரும்பவும் அங்கேயே.

“போதும் தல்லி, புரிஞ்சிது,” என்றார் டீச்சர்.

ஜூலை 23, புதன்

வீடு. மழை இல்லை. முரளிக்கு இரண்டாம் ஷிப்டு.

டீச்சர் சொன்னபடி, முட்டை அட்டையில் ஆறு குழி மட்டும் வெட்டினேன், மூன்று வரிசை, இரண்டிரண்டாக. புள்ளிக்குச் சின்ன எலுமிச்சம்பழம். இடதுபக்கம் மேல் குழியில் மட்டும் பழம் இருந்தால் அ. எனக்கே இப்போதுதான் பாடம். துண்டுச் சீட்டில் எழுதி வைத்துப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.

முதல் நாள். அட்டையைத் தள்ளிவிட்டாள். பழங்கள் கட்டிலுக்கு அடியில். தேடவும் மாட்டேன் என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். கட்டாயம் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

காலை 10 மணி. குக்கர் இரண்டாவது விசில். அவளாகவே அட்டையைக் கேட்டாள். குழிகளைத் தடவினாள், மேலிருந்து கீழே, ஒவ்வொன்றாக. பழத்தை முகர்ந்தாள். இடதுபக்கம் மேல் குழியில் வைத்தாள்.

“அ. சரியாம்மா?”

தலையாட்டினேன்.

“அம்மா, சரியா?”

இன்னும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். அவள் முகம் நான் இல்லாத பக்கம் திரும்பி என்னைத் தேடியது.

“சரிம்மா,” என்றேன். “சரி, சரி.”